மட்டியும் முருங்கைக்கீரையும்

கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எழுபதுகளின் தொடக்கம். இரும்பை ஊருக்குப் பக்கத்தில் ஒரு புன்செய்க் கிராமம் என் அம்மா வீடு. அங்கே காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் களியும் ஏதாவதொரு கீரைக் கடைசலும், சாயங்காலம் பசித்தால் அவித்த மல்லாட்டை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அரிசிச் சோறு அமாவாசைக்கும் விருந்தாளிக்கும்தான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பேச்சோடு பேச்சாக, "எங்க வூட்ல மூணு வேளையும் சோறுதாங்க" என்று சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையில் அப்பா சம்மதித்துவிட்டார் என்று அம்மா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சொன்னது பொய்யில்லை. காலையில் பழைய சோறு, மத்தியானம் சோறு, ராத்திரியும் சோறு. தொட்டுக்கொள்ள வெங்காயமோ ஊறுகாயோ. மீன் வாங்கும் நாளில் துண்டுகள் என் கணவருக்கும் கொழுந்தனுக்கும் போகும். மாமியாரும் நானும் கடைசியில் உட்கார்ந்து, மிஞ்சின குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவோம். வயிறு நிறையும். அம்மா வீட்டில்கூட அப்படி நிறைந்ததில்லை. அதனால் எனக்கு ஏதோ குறைகிறது என்ற நினைப்பே வரவில்லை.

கணவரும் நானும் ஒரே உப்பளத்தில் வேலை செய்தோம். அவர் நீளக் கழியில் பொருத்திய பலகையால் பாத்தியிலிருந்து உப்பை வரப்புக்கு இழுப்பார். நான் மற்றப் பெண்களோடு சேர்ந்து அதைக் கூடையில் சுமந்துபோய்க் குவியலில் கொட்டுவேன். நடுவில் டீ வரும். கறுகறுவென்று கொதித்த டீ. அதைக் குடித்தால் பசி தெரியாது என்பதால் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, சாப்பிட்டவுடன் ஒன்று, வேலை முடிந்ததும் ஒன்று என்று குடிப்போம்.

முதல் பிரசவம் ஏழாம் மாதத்திலேயே ஆகிவிட்டது. ஆண் குழந்தை. ஒரே ஒரு பகல் இருந்தான். மூச்சு விடுவதே அவனுக்குப் பெரிய வேலையாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் அந்த வேலையை நிறுத்திக்கொண்டான். மாமியார் அழவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு மூணு போச்சு. அப்புறந்தான் இவனுங்க ரெண்டு பேரும் நின்னானுங்க. உனக்கும் நிக்கும்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால், பெண் என்றால் சிலது போகும், சிலது நிற்கும் என்பதுபோல் அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த தை மாதம் மறுபடி உண்டானேன். இந்தத் தடவை ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. அடுப்பு மெழுகும்போது ஈரமண்ணின் வாசனை மூக்கில் ஏறினால் நாக்கில் எச்சில் ஊறும். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அடுப்பின் மூலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வேன். வெந்த மண் பல்லுக்கடியில் நொறுங்கும்போது கிடைத்த நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பங்குனிக்குள் அடுப்பின் ஒரு பக்கம் எலி கடித்ததுபோல் ஆகிவிட்டது. மாமியாரும் எலி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அதைக் கண்டுபிடித்தவள் மீன் விற்க வருகிற அவள்தான்.

கடலோரக் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவாள். என் வயதுதான், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். தலையில் கூடை, இடுப்பில் மூன்று வயதுப் பெண்குழந்தை. அவள் புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். மீனைக் காசுக்கும் கொடுப்பாள், அரிசிக்கும் கேழ்வரகுக்கும் மாற்றியும் கொடுப்பாள். அன்றைக்கு வீட்டில் நான் மட்டும் இருந்தேன். கூடையை இறக்கிக் கொடுக்கச் சொன்னவள், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா புள்ள, வாயோரத்துல மண்ணு?"

துடைத்துக்கொண்டேன். "அடுப்பு மெழுகினேன்."

"மெழுகினா கையில இருக்கும். வாயில எப்படி வரும்? மண்ணு துன்றியா?"

கேட்காமல் கொள்ளாமல் கையை நீட்டி, கட்டைவிரலால் என் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். மீன் வாசனையடிக்கும் ஈரக் கை. "ஐயோ" என்றாள். "செத்த மீனு செவுளு மாதிரி வெளுத்துக் கெடக்குது. எத்தினி மாசம்?"

"மூணு."

"நர்ஸம்மா மாத்திரை குடுத்திருப்பாங்களே, துன்னலியா?"

கொடுத்திருந்தார்கள்தான். நான்கு நாள் போட்டுப் பார்த்தேன். வயிற்றைப் புரட்டியது, மலம் கறுப்பாய்ப் போயிற்று. பயந்துபோய் மிச்சத்தைக் காகிதத்தோடு கால்வாயில் எறிந்துவிட்டேன். கணவரிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டால் காரணம் தெரியாது. முதல் பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். அவள் கூடையின் விளிம்பைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய குழந்தை கூடைக்குள் கையை விட்டு ஒரு நண்டின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு மத்தியானம் கால்வா கரைக்கு வா. சோத்துத் தூக்கையும் எடுத்துக்கினு வா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உப்பளத்திலிருந்து கால்வாய்க் கரை கூப்பிடு தூரம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். அங்கே மூன்று கல்லைக் கூட்டி, பானையில் ஏதோ வேகவைத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால் மட்டி. கழிமுகத்துச் சேற்றில் காலால் துழாவி எடுக்கிற சிப்பி. வெந்நீரில் ஒவ்வொன்றாக வாயைத் திறந்துகொண்டிருந்தன.

எங்கள் வீட்டில் மீன் தின்போம், நண்டு தின்போம். மட்டி தின்பதில்லை. அது கடற்கரைக்காரர்கள் ஒன்றும் கிடைக்காதபோது தின்பது என்பார் மாமியார். அதைச் சொன்னேன்.

"ஒண்ணும் கெடைக்காதப்பதான் துன்னுவோம், ஆமா. எங்கம்மா புள்ள பெத்தவங்களுக்கு இதத்தான் குடுப்பாங்க. ரத்தம் ஊறுது. உனக்கு வேணான்னா வுடு, நான் துன்றேன்."

சதையைத் தனியே எடுத்து, வெங்காயமும் மிளகும் தட்டிப்போட்டு வதக்கி, ஓர் இலையில் வைத்தாள். முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். இரண்டாவது வாயில் ருசி தெரிந்தது. மெல்ல மெல்ல இனித்தது. கடைசியில் இலையை வழித்தேன். அவள் சிரித்தாள். "மண்ணு துன்ற வாய்க்கு இது கசக்குமா?"

அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாலு தடவை. மட்டி கிடைக்காத நாளில் கவலை மீனோ, முள்ளோடு மெல்லும்படி மொறுமொறுவென்று வறுத்த நெத்திலியோ. நான் சும்மா வாங்கிக்கொள்ளக் கூடாது என்று அம்மா வீட்டிலிருந்து வந்த கேழ்வரகு மாவைக் கொண்டுபோவேன். அவள் அதில் அடை தட்டுவாள். வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைக்கும். கால்வாயில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். இரண்டு பேரும் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு சாப்பிடுவோம். என் வாழ்க்கையில் பிறகு எத்தனையோ பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஒருத்தி எனக்காகச் சமைத்து, நான் முழுங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தது அந்த நாட்களில் மட்டும்தான்.

சித்திரையில் அவள் வருவது நின்றுபோயிற்று. குப்பத்தில் குழந்தைகளுக்கு அம்மை போட்டிருக்கிறது, அவள் பெண்ணுக்கும் போட்டிருக்கிறது என்று வேறொரு மீன்காரம்மா சொன்னார். அம்மை கண்ட வீட்டுக்குப் போகக் கூடாது, அதிலும் பிள்ளைத்தாய்ச்சி. மத்தியானங்களில் கால்வாய்க் கரையைப் பார்த்தபடி பழைய சோற்றைத் தின்றேன். மூன்று கல் அப்படியே கரியேறிக் கிடந்தது.

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று அவள் திரும்பி வர. இளைத்திருந்தாள். குழந்தை அவளைவிட இளைத்திருந்தது. தோலில் அம்மைத் தடிப்பு ஆறிச் செதிலாய் உரிந்துகொண்டிருந்தது. கூடை மீனையெல்லாம் விற்றுவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாமியார் குழந்தையைப் பார்த்து இரக்கப்பட்டு, என்னிடம் ஒரு துண்டு வெல்லம் எடுத்துவரச் சொன்னார்.

வெல்லத்தைக் குழந்தையின் முன்னால் நீட்டினேன். "இந்தா கண்ணு, வெல்லம்."

குழந்தை கையை நீட்டியது. ஆனால் வெல்லம் இருந்த பக்கம் இல்லை. காற்றில் இரண்டு தடவை துழாவிவிட்டு, "எங்க?" என்றது.

விளையாடுகிறது என்று நினைத்தேன். வெல்லத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். மறுபடியும் துழாவியது. பிறகு உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தது. முற்றத்தில் வெளிச்சம் முழுக்கப் போகவில்லை. எனக்கு எல்லாம் தெரிந்தது. மாமியாருக்கும் தெரிந்தது.

அவள் குழந்தையின் முகத்தைத் திருப்பித் தன்னைப் பார்க்கவைத்தாள். "அம்மா தெரியுதா? ஏ, அம்மாவப் பாரு."

"இருட்டா கீது" என்றது குழந்தை.

அப்போதுதான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாலைந்து நாளாகச் சாயங்காலம் ஆனால் குழந்தை நகர்வதில்லை. வலைக்குவியலில் முட்டிக்கொண்டு விழுந்தது. பயந்துகொண்டிருக்கிறது, அம்மை விட்ட அசதி என்று எண்ணியிருக்கிறாள். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். மாமியார் மெதுவாக, "மாலைக்கண்ணு" என்றார்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. இரண்டு பேருமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த நர்ஸுக்கும் எங்கள் வயதுதான் இருக்கும். குழந்தையின் கண்ணை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "அம்மை போட்டதுலேர்ந்து இன்னா குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"பத்தியங்க. கஞ்சி. உப்பு கம்மியா, எண்ணெ இல்லாம. மீனு ஆவாது, கவுச்சி ஆவாது, கீரையும் ஆவாதுன்னாங்க."

"எத்தினி நாளா?"

"ஒரு மாசத்துக்கு மேல. நடுவுல வயித்தால வேற போச்சு."

நர்ஸ் கோபப்படவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஒரு தாளை எடுத்து, கண்ணை வரைந்து காட்டினார். கண்ணுக்குள்ளே மங்கல் வெளிச்சத்தில் பார்ப்பதற்கென்று ஒரு பொருள் இருக்கிறது, அதைச் செய்ய விட்டமின் ஏ என்கிற சத்து வேண்டும், அம்மை உடம்பிலிருந்த சத்தைத் தின்றுவிட்டது, பத்தியம் புதிதாக வரவிடாமல் கதவை அடைத்துவிட்டது என்று சொன்னார். "இப்ப வந்ததால பொழச்சது. இன்னும் வுட்டிருந்தா கண்ணு வறண்டு புண்ணாவும். அப்புறம் பகல்லயும் தெரியாது."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் மீனு விக்கிறேனே. எம் புள்ளைக்கு ஒரு துண்டு குடுக்காம வச்சேனே."

அந்தச் சத்து மருந்து ஆஸ்பத்திரியில் தீர்ந்திருந்தது. தலைமை இடத்துக்கு எழுதி வரவழைப்பதாக நர்ஸ் சொன்னார். வர ஒரு வாரமோ பத்து நாளோ ஆகலாம். அதுவரைக்கும் முருங்கைக்கீரை, பழுத்த பப்பாளி, மீன் ஈரல் கொடுக்கச் சொன்னார். "கீரைய சும்மா வேகவச்சுக் குடுத்தா பிரயோஜனமில்ல. ரெண்டு சொட்டு எண்ணெயாவது சேருங்க. எண்ணெய் இருந்தாத்தான் அந்தச் சத்து ஒடம்புல ஒட்டும். மருந்து வந்ததும் மறக்காம வாங்க, கீரை மட்டும் போதும்னு இருந்துடாதீங்க."

புறப்படும்போது அவள் என்னைப் பிடித்து நர்ஸ் முன்னால் தள்ளினாள். "இவ மாத்திரைய கால்வாயில போட்டுட்டாங்க. மண்ணு துன்றாங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. நர்ஸ் என் இமையையும் நகத்தையும் பார்த்தார். மண் தின்னத் தோன்றுவதே ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்ததன் அடையாளம்தான் என்றார். மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டாது, மலம் கறுப்பது இயல்பு, பயப்பட வேண்டாம் என்றார். மட்டி தின்பதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "அதுல நெறைய இரும்பு இருக்குது. விடாதீங்க. கூட எலுமிச்சையோ மாங்காயோ சேத்துக்கோங்க. சாப்புட்ட ஒடனே டீ மட்டும் குடிக்காதீங்க. சத்த அது புடிச்சு வச்சுக்கும்."

நான் ஒரு நாளைக்கு மூன்று டீயை அதற்கென்றே நேரம் பார்த்துக் குடித்துவந்தவள்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு முருங்கை மரம் இருந்தது. காயைக் குழம்பில் போடுவோம், கீரையை ஆட்டுக்குப் போடுவோம். மூன்று வேளையும் சோறு தின்கிற வீட்டில் அது ஆட்டுத் தீனிதான். குப்பத்து மணலில் ஒரு முருங்கைகூடக் கிடையாது. தினமும் ஒரு பிடி உருவி முந்தானையில் கட்டிக்கொண்டு போவேன். கால்வாய்க் கரையில் மூன்று கல்லும் மறுபடி சூடேறின. கீரையோடு வறுத்த மல்லாட்டையை நுணுக்கிப்போட்டு, நல்லெண்ணெய் விட்டு வதக்கிக் குழந்தைக்கு ஊட்டுவோம். அது துப்பும். மறுபடி ஊட்டுவோம். "துப்பினா கடல்ல வுட்டுடுவேன்" என்று அவள் மிரட்டுவாள். அடுத்த நொடி குழந்தையின் தலையை மோந்து பார்ப்பாள். மீன் ஈரலையும் கொண்டுவந்தாள். ஈரலோடு மீனை விற்பதுதான் வழக்கம், அறுத்து எடுத்தால் வாங்குகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவள் சண்டை போட்டுக்கொண்டாள்.

பத்து நாளில் மருந்து வந்தது. நர்ஸே ஒரு கரண்டியில் அளந்து குழந்தையின் வாயில் ஊற்றினார். அதற்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, சாயங்காலம் அவளும் குழந்தையும் எங்கள் தெருவழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். குழந்தையை இறக்கிவிட்டு நடத்திக் கூட்டிவந்தாள். எங்கள் வாசலுக்கு வந்ததும் குழந்தை நின்றது. என்னைப் பார்த்தது. என் கையில் இருந்த முறத்தைப் பார்த்தது. "அரிசில கல்லு கீது" என்றது.

பொறுக்கி முடித்த அரிசி அது. குனிந்து பார்த்தேன். கல் இருந்தது. நாங்கள் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம், சிரித்தோம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஜாக்கிரதையை விட்டுவிட்டேன். மீந்த மட்டியைத் தூக்கில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்தேன். மாமியார் மூடியைத் திறந்தார்.

"இது இன்னா? நம்ம வூட்ல எப்பனா இதத் துன்னுருக்கோமா? வயித்துல புள்ளைய வச்சுக்கினு கண்டதத் துன்றியே, இதுவும் போயிடுச்சுன்னா?"

"அத்த, நர்ஸம்மாதான் துன்னச் சொன்னாங்க."

"நர்ஸம்மாவா வந்து தூக்கிப் பொதைக்கப் போறா?"

கணவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதிகம் பேசாதவர். தட்டிலிருந்து நிமிராமலே சொன்னார்: "போன தடவ இவளால கூடையத் தூக்கிக்கினு நாலு வரப்பு தாண்ட முடியாது. நின்னு நின்னு மூச்சு வாங்குவா. நேத்து நின்னு பாத்தேன். ஒரே மூச்சுல போறா. அவ இன்னா துன்றான்னு எனக்குத் தெரியாது. அதயே துன்னட்டும்மா."

மாமியார் தூக்கை மூடிவைத்துவிட்டு வெளியே போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது வாசலில் வெயிலுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"அந்த மீன்காரப் பொண்ணு உனக்குக் கண்ண இழுத்துப் பாத்தாளாமே. எனக்குப் பாரு."

குடத்தை இறக்கிவிட்டு, அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து கீழிமையை இழுத்தேன். காகிதம்போல் வெளுத்திருந்தது. என்னுடையதைவிட வெளுப்பு. இமையை விட்டுவிட்டேன்.

"இன்னா, சொல்லு."

"வெளுப்பா இருக்குது அத்த."

அவர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்ப அதுங்க மூணும் எந் தலையெழுத்தால போவலியா?" என்றார். என்னிடம் கேட்டதா, தன்னிடமே கேட்டுக்கொண்டதா, தெரியவில்லை. எது எதனால் போனது என்று இத்தனை வருஷம் கழித்து யாரால் சொல்ல முடியும்? நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை நான் அவரைத் தொட்டதே இல்லை. அன்று மத்தியானம் முருங்கைக்கீரை ஆட்டுக்குப் போகவில்லை.

புரட்டாசிக் கடைசியில் எனக்குப் பெண் பிறந்தாள். மாதம் நிறைந்து பிறந்தாள். அழுத சத்தம் ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்டது என்றார் கணவர். மறுநாள் அவள் வந்தாள். கூடையில் மீன் இல்லை. ஒரு சின்னச் சட்டியில் பால்சுறாவை வேகவைத்து உதிர்த்து, நிறையப் பூண்டு போட்டுப் புட்டு செய்து எடுத்துவந்திருந்தாள். பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று. என் மாமியார் அந்தச் சட்டியை அவள் கையிலிருந்து வாங்கி, முதல் பிடியை அவளுக்கே கொடுத்தார். "நீ துன்னு மொதல்ல. வெயில்ல நடந்து வந்திருக்க." அவள் வாங்கமாட்டேன் என்றாள். மாமியார் விடவில்லை.

அந்த வருஷம் மழை சீக்கிரம் வந்தது, நின்று பெய்தது. பாத்திகளும் வரப்புகளும் ஒரே தண்ணீராகிவிட்டன. மூடிவைத்த உப்புக் குவியல்களும் அடியில் கரைந்து சாய்ந்தன. தோல் பதனிடும் இடங்களுக்கு உப்பு ஏற்றிக்கொண்டு ராணிப்பேட்டைக்குப் போகும் லாரியில் என் கணவர் ஒருநாள் சுமை இறக்கப் போனவர், அங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலை கேட்டு வாங்கிவிட்டார். "மாசா மாசம் சம்பளம். மழையானாலும் வேலை" என்றார். இரண்டு நாளில் கிளம்ப வேண்டும். மாமியாரும் கொழுந்தனும் மரக்காணத்திலேயே இருப்பதாக முடிவாயிற்று.

அவளிடம் சொல்ல குப்பத்துக்குப் போனேன். மழைக்காற்றில் கடல் கலங்கியிருந்தது, கட்டுமரங்களெல்லாம் மேட்டில் ஏற்றிக்கிடந்தன. அவள் வீடு பூட்டியிருந்தது. அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போயிருக்கிறாள், ரெண்டு நாளில் வந்துவிடுவாள் என்றார்கள். எனக்கு ரெண்டு நாள் இல்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தெரிந்திருந்தாலும் எழுதிவைக்க எனக்கு என்ன வார்த்தை இருந்தது? மறுநாள் காலை லாரியின் முன்பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கால்வாய்ப் பாலம் கடந்து போகிறவரை அந்தக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராணிப்பேட்டையில் கடல்மீன் ஐஸில் வந்தது, கண் குழிந்து வந்தது. மட்டி என்று சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. கடை கடையாகக் கீரை இருந்தது, எல்லாக் காயும் இருந்தது, உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் மத்தியானம் ஆனால் மனசு எங்கேயோ போய்விடும். மகள் கொஞ்சம் வளர்ந்ததும் அங்கே ஒரு பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி கொடுத்தார்கள். இரும்புச்சத்து ரத்தத்தில் மூச்சுக்காற்றைச் சுமந்து போகிறது, புளிப்புக் கனிகள் அதை உடம்பில் ஏற்றுகின்றன, கீரையில் இருக்கிற மஞ்சள் சத்துதான் உள்ளே போய் விட்டமின் ஏ ஆகிறது என்றெல்லாம் படம் போட்டுச் சொன்னார்கள். மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. ஒவ்வொன்றையும் எனக்கு ஏற்கெனவே ஒருத்தி ஊட்டியிருந்தாள். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. என் கண்ணை அவள் பார்த்தாள், அவள் குழந்தையின் கண்ணை நாங்கள் பார்த்தோம், மாமியாரின் கண்ணை நான் பார்த்தேன். அவளுடைய கண்ணை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. மைல் கணக்கில் கூடையோடு நடந்தவள், பெரிய பங்கை எனக்கும் குழந்தைக்கும் வைத்துவிட்டுப் பானையை வழித்துத் தின்றவள். எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

மகளுக்கு நாலு வயது ஆனபோதுதான் மரக்காணத்துக்குப் போக வாய்த்தது. இறங்கியதும் முதலில் அவளைப் பற்றித்தான் கேட்டேன். மாமியார் தயங்கினார். "அவங்க இப்ப இங்க இல்லடி. தைக்குப் போயிட்டாங்க. மொதலியார்சாவடி பக்கம், அவ புருஷனோட அண்ணன் வூட்டாண்ட."

அதுவரைக்கும் வாரத்துக்கு இரண்டு தடவை அவள் என் மாமியாரைப் பார்க்க வந்திருக்கிறாள். மட்டி கொண்டுவருவாளாம். மாமியார் கீரையை உருவித் தயாராக வைத்திருப்பாராம். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். "உன்ன கேக்காத நாளில்ல" என்றார். சொல்லும்போது மாமியாரின் முகத்தைப் பார்த்தேன். நல்ல நிறம் வந்திருந்தது. சந்தோஷமாக இருந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பொறாமையாகவும் இருந்தது. நான் இருந்திருக்க வேண்டிய மத்தியானங்கள் அவை.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பெரிய முதலியார்சாவடிக்குப் போனேன். கடற்கரையில் விசாரித்து விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் ஓரகத்திதான் இருந்தார். புருஷனுக்குக் கேரளாப் பக்கம் விசைப்படகில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போயிருக்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று தெரியாது என்றார். அவள் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அதுவா? துறுதுறுன்னு இருக்குது. கரையில நின்னுக்கினு எந்தக் கட்டுமரம் யாரோடதுன்னு தூரத்துலயே சொல்லிடும்."

அந்த ஒரு வரி போதும் என்று தோன்றியது. போதவில்லை. அந்த அம்மா என் மகளுக்கு ஒரு வறுத்த மீனை இலையில் வைத்துக் கொடுத்தார். அது முள்ளைப் பிரித்துத் தின்று முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

"வந்தா இன்னா சொல்லட்டும்மா?" என்று கேட்டார்.

சொல்ல எவ்வளவோ இருந்தது. "நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. உப்பளத்துப் பொண்ணு வந்துச்சுன்னு சொல்லுங்க. புள்ளையையும் கூட்டிக்கினு வந்துச்சுன்னு சொல்லுங்க."

"சொல்றேம்மா."

பஸ்ஸில் மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே கடல் கொஞ்ச தூரம் கூடவே வந்தது, பிறகு சவுக்குத் தோப்பு மறைத்துவிட்டது. அந்த அம்மா சொன்னாரோ இல்லையோ தெரியாது. அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.